கடல் கடந்து வந்த குடிவரலாற்றுத் தொகுப்பாளர் – கர்னல் காலின் மெக்கன்சி

ஒரு தலைவனைப் பாட வந்த புலவர், அவன் தோன்றிய குடியையும் சேர்த்துப் பாடுவது தமிழ் மரபு. அரசர்களின் செப்பேடுகள் முன்னோர் வரிசையைக் கூறிய பின்னரே கொடையைக் கூறின. செயங்கொண்டார் தம் கலிங்கத்துப்பரணியில் இராசபாரம்பரியம் என ஒரு பகுதியையே அமைத்துச் சோழர் வழிமுறையைப் பாடினார். ஒட்டக்கூத்தர் உலாப் பாடியபோதும் முன்னோரை முறைப்படுத்திய பின்னரே பாட்டுடைத் தலைவனை வீதிக்கு அழைத்து வந்தார். செங்குந்தர் மரபைப் போற்றும் ஈட்டியெழுபது அவர் பெயரால் வழங்குவதை ஆரணி வட்டாரத்து நெசவாளர் குடும்பங்கள் நன்கறியும். அரசர் குடிக்கு மட்டுமன்றித் தறி நெய்வோர் குடிக்கும் வரலாறு உண்டு என்பதை நம் இலக்கியம் நெடுங்காலத்திற்கு முன்பே ஏற்றுக்கொண்டுள்ளது.

ஆயினும், இக்குடிவரலாறுகளை ஊர் ஊராகத் தேடித் திரட்டி, ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் பெரும்பணியைத் தொடங்கியவர் இந்நாட்டில் பிறந்தவர் அல்லர், புலவரும் அல்லர். வடகடல் தீவொன்றில் பிறந்து, கப்பலேறி வந்து, கோட்டை முற்றுகையையும் நில அளவையையும் தொழிலாகக் கொண்ட ஒரு பொறியாளர் அவர். கர்னல் காலின் மெக்கன்சி என்னும் அப்பெரியாரின் வாழ்க்கை, புகழ்ச்சிக்கு மட்டுமன்றி ஆழ்ந்த சிந்தனைக்கும் உரியது.

தீவில் பிறந்த பிள்ளை

ஸ்காட்லாந்தின் மேற்கே அமைந்த லூயிஸ் தீவில், ஸ்டோர்னவே என்னும் துறைமுக ஊரில், 1754-ஆம் ஆண்டளவில் மெக்கன்சி பிறந்தார். தந்தையார் மர்டோக் மெக்கன்சி ஒரு வணிகர். அவ்வூரின் அஞ்சல் பொறுப்பையும் ஏற்றிருந்தவர். கப்பல் வருவதும் போவதுமே ஊரின் வாழ்வாக இருந்த சூழலில் மெக்கன்சி வளர்ந்தார். இளமையில் அவ்வூர்ச் சுங்கச் சாவடியில் அலுவலராகப் பணியாற்றினார். வரும் சரக்கையும் செல்லும் சரக்கையும் கணக்கெழுதி வைக்கும் அப்பணி, எதையும் குறித்து வைக்கும் பழக்கத்தை அவருக்கு அளித்திருத்தல் கூடும்.

அவரை இந்தியாவின்பால் ஈர்த்தது ஒரு குடும்ப வரலாறே. மடக்கை என்னும் கணித முறையை 1614-இல் உலகிற்கு அளித்த ஜான் நேப்பியரின் வழித்தோன்றலான நேப்பியர் பிரபு, தம் முன்னோரின் வாழ்க்கையை எழுத விரும்பினார். அதன் பொருட்டு, இந்துக்களின் கணித அறிவைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதில் இளைஞரான மெக்கன்சியின் துணையை அவர் நாடினார். இச்செய்தியைப் பிற்காலத்தில் உலகறியச் செய்தவர், அப்பிரபுவின் மகள் வயிற்றுப் பேரரும் இலங்கையின் தலைமை நீதிபதியாக விளங்கியவருமான சர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் ஆவார். ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடத் தொடங்கிய ஆர்வம், பின்னர் ஒரு துணைக்கண்டத்துக் குடிகள் அனைத்தையும் தேடும் ஆர்வமாக விரிந்தது.

மதுரையில் ஏற்பட்ட திருப்பம்

1783-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மெக்கன்சி சென்னையில் கரையிறங்கினார். அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்துதான் பயணிகள் கரைக்கு வருவர். அவ்வாறு வந்திறங்கியவர் மீண்டும் தம் தீவைக் காணவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1782 சூன் திங்களில், ஆரணிக் கோட்டையை ஒட்டி ஐதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் படையும் பொருதன. போரால் நைந்து கிடந்த நாட்டிற்கே அவர் வந்து சேர்ந்தார்.

காலாட்படையில் சேர்ந்த அவர், 1786-இல் பொறியாளர் பிரிவிற்கு மாறினார். நேப்பியர் பிரபுவின் மகளார் எஸ்தர், கணவர் சாமுவேல் ஜான்ஸ்டனுடன் மதுரையில் வாழ்ந்து வந்தார். மெக்கன்சி அங்குச் சென்றபோது, அவ்வம்மையார் மதுரையின் கற்றறிந்த அந்தணர்களை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார். கணிதத்தைத் தேடி வந்தவர், அதனினும் விரிந்த அறிவுக் களஞ்சியம் ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் மக்கள் நினைவிலும் புதைந்து கிடப்பதை மதுரையில்தான் உணர்ந்தார் என்று ஜான்ஸ்டன் தெரிவித்துள்ளார். தமிழ் வளர்த்த நகரம் இத்திருப்பத்திற்கு நிலைக்களமானது நமக்குப் பெருமை தருவதாகும்.

எனினும் அவ்வார்வம் செயலாக மலர்வதற்குப் பல்லாண்டுகள் ஆயின. கோயம்புத்தூர், திண்டுக்கல், நெல்லூர், குண்டூர் எனப் பணி அவரை அலைக்கழித்தது. மூன்றாம் மைசூர்ப் போரிலும், 1793-இல் புதுச்சேரி முற்றுகையிலும், 1795–96-இல் இலங்கையில் டச்சுக்காரர் கோட்டைகளைக் கைப்பற்றிய படையெடுப்பிலும் அவர் பொறியாளராகப் பங்கேற்றார். இந்தியாவிற்கு வந்த முதற் பதின்மூன்று ஆண்டுகள் வேட்கைக்கு ஏற்ற வாய்ப்பின்றிக் கழிந்தன எனப் பின்னாளில் அவரே ஒரு கடிதத்தில் வருந்தியுள்ளார்.

காவலி உடன்பிறந்தார்

1796-ஆம் ஆண்டு மெக்கன்சியின் வாழ்வில் மிக இன்றியமையாதது. ஏலூரைச் சேர்ந்த காவலி வேங்கட போரய்யா என்னும் இளைஞர் அவ்வாண்டில் அவரிடம் பணியிற் சேர்ந்தார். அப்போது போரய்யாவிற்கு வயது ஏறத்தாழ இருபது. பன்மொழிப் புலமையும், எம்மனிதரிடமும் இன்முகத்துடன் பேசிச் செய்தி பெறும் ஆற்றலும் அவரிடம் இருந்தன. அவர் வழியாகவே இந்திய அறிவுலகின் வாயில் தமக்குத் திறந்தது என்று மெக்கன்சி ஒப்புக்கொண்டார். ஏனெனில், முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தும், இந்நாட்டு மொழிகளில் ஒன்றையும் அவர் செம்மையாகக் கற்றாரல்லர். அதனை அவர் மறைத்ததும் இல்லை.

இவ்வுண்மை ஆழ்ந்து எண்ணத்தக்கது. மெக்கன்சி தொகுப்பு என்று உலகம் அழைப்பது, உண்மையில் பலருடைய உழைப்பின் திரட்சியாகும். போரய்யா 1803-இல் இளமையிலேயே மறைந்தார். அவர் இடத்தைத் தம்பி இலட்சுமய்யா ஏற்றார். மற்றொரு தம்பி இராமசுவாமியும் உடன் உழைத்தார். சமணப் புலவர் தருமய்யா, தொண்டைமண்டலத்து ஊர்களில் சுற்றிச் செய்தி திரட்டிய அப்பாவு முதலிய பலர் வெயிலிலும் மழையிலும் நடந்து, கோயில் அர்ச்சகரையும் கணக்குப்பிள்ளையையும் பாளையக்காரரையும் கண்டு உரையாடி, ஏடுகளைப் படியெடுத்தனர், கல்வெட்டுகளைப் பார்த்தெழுதினர். அவர்கள் அனுப்பிய பயண அறிக்கைகளில், மக்கள் தங்களை ஐயுற்றதையும், வரியை உயர்த்தவே இவ்விசாரணை என அஞ்சியதையும் எழுதியுள்ளனர்.

தாமஸ் இக்கி என்னும் ஓவியர் 1816-இல் சென்னையில் தீட்டிய ஓவியம் ஒன்று இவ்வுறவைக் காட்டுகிறது. செந்நிறப் படையுடுப்பில் மெக்கன்சி நிற்கிறார். அவரைச் சூழ்ந்து இந்தியர் மூவர் உள்ளனர். ஒருவர் கையில் தொலைநோக்கி. மற்றொருவர் கையில் ஓலைச்சுவடி. தொலைவில் ஒரு குன்றின்மீது கோமடேசுவரர் சிலை. அளவைத் தொழிலும் ஏட்டுத் தேடலும் ஒரே வாழ்வில் இணைந்து நின்றமையை அவ்வோவியத்தைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

அளவுச் சங்கிலியும் வம்சாவளியும்

1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அடுத்து, மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 40,000 சதுர மைல் பரப்பினை அவருடைய குழு அளந்தது. அதே காலத்தில் வில்லியம் லாம்டன், 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, பூமியின் வடிவத்தைக் கணிக்கும் பெருமுக்கோண அளவையைத் தொடங்கினார். லாம்டனின் நாட்டம் விண்ணையும் மண்ணையும் பற்றியது. மெக்கன்சியின் நாட்டம் மண்ணையும் மனிதரையும் பற்றியது. எல்லை, ஏரி, கால்வாய், குடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் அவர் நின்றுவிடவில்லை. இவ்வூரை ஆண்டவர் யார், இக்கோயிலை எழுப்பியவர் யார், இக்குடி எங்கிருந்து வந்தது என்னும் வினாக்களையும் நில அளவையின் பகுதியாகவே கருதினார். பெரிய மனிதரின் வீட்டுப் பெட்டியில் இருந்த வம்சாவளியும், ஊர்க் கணக்கர் எழுதித் தந்த கைபீதும் அவருடைய வரைபடத்தின் மற்றொரு பாதியாயின.

தமிழகத்திலிருந்து அவ்வாறு கிடைத்தவை ஏராளம். தொண்டைமண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களைப் பற்றிய மரபுரைகளும், குறும்பர் கோட்டைகளைப் பற்றிய கதைகளும் அவற்றுள் அடங்கும். செஞ்சியைச் சேர்ந்த நாராயண பிள்ளை, ஆர்க்காட்டில் பணியாற்றிய மெக்ளியாட் என்னும் ஆங்கில அலுவலரின் வேண்டுகோளுக்கிணங்க 1803-இல் எழுதிய கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் இத்தொகுப்பில் இடம்பெற்றுப் பின்னர் அச்சேறியது. நாட்டுப் பாடல்களில் வாழும் தேசிங்கு ராஜனின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இந்நூல் இன்றியமையாதது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியை ஆராய்வோர்க்கும் அது ஒரு நல்ல சான்றாகும். சமணரைப் பற்றிய செய்திகளில் மெக்கன்சிக்குத் தனி ஈடுபாடு இருந்தது. ஆசியவியல் கழக வெளியீட்டில் அவர் சமணரைப் பற்றி எழுதிய கட்டுரை, அச்சமயத்தை மேலை நாட்டார்க்கு அறிமுகம் செய்த முன்னோடி எழுத்துகளுள் ஒன்றாகும். திருமலையும் பூண்டியும் சூழ்ந்த ஆரணி வட்டாரத்தார்க்கு இச்செய்தி நெருக்கமானது.

வம்சாவளிகளின் அமைப்பிலும் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. முன்னோர் ஒருவர் தம் வீரத்தாலோ தொண்டாலோ மன்னரின் கருத்தைக் கவர்வார். மன்னர் அவருக்கு நிலமும் விருதும் பெயரும் அளிப்பார். பின்வந்தோர் கோயில் கட்டுவர்; ஏரி வெட்டுவர்; போரிடுவர். இறுதியில், கும்பினி ஆட்சி வந்தபின் குடும்பம் இழந்த உரிமைகள் வரிசைப்படுத்தப்படும். மெய்க்கீர்த்தியாகத் தொடங்கி விண்ணப்பமாக முடியும் எழுத்துகள் இவை.

அவை விண்ணப்பமாக முடிந்ததற்குக் காரணம் உண்டு. 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாளையக்காரர் எழுச்சி முற்றாக ஒடுக்கப்பட்டது, கோட்டைகள் தகர்க்கப்பட்டன. பாளையங்களை அழித்த அரசின் அலுவலரே அப்பாளையங்களின் வம்சாவளிகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். ஏட்டை எடுத்துக் கொடுத்த குடும்பங்கள், அதனால் தங்கள் பழைய உரிமை திரும்புமோ என ஏங்கின. உரிமை திரும்பவில்லை, ஏடு மட்டும் எஞ்சியது. மெக்கன்சியைப் போற்றுவோர் இவ்வுண்மையை மறத்தல் கூடாது. இவ்வுண்மையைச் சுட்டுவோரும், அவர் கேட்டிராவிடில் அவ்வேடுகளுள் பல கரையானுக்கு இரையாகியிருக்கும் என்பதை மறத்தல் கூடாது.

சாவகப் பயணம்

1810-இல் சென்னை மாகாணத்தின் சர்வேயர் ஜெனரல் என்னும் நில அளவைத் தலைமைப் பதவி மெக்கன்சிக்குக் கிடைத்தது. ஆயின் அடுத்த ஆண்டே கடல் அவரை மீண்டும் அழைத்தது. 1811-இல் சாவகத் தீவை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றச் சென்ற ஆங்கிலப் படையில் அவர் தலைமைப் பொறியாளர். பெருங்கப்பல் தொகுதி கரையை அணுகுமுன், படை இறங்கத்தக்க இடத்தைத் தேடிக் கடற்கரையை ஆராய்ந்து வந்தவர் அவரே. அப்போது அவர் அகவை ஐம்பத்தேழை ஒட்டியிருந்தது.

போர் முடிந்த பின்னர் அங்கும் தம் பணியை அவர் கைவிடவில்லை. ஆளுநர் இராபிள்ஸ் அமைத்த நிலவுரிமைக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். 1812 தொடக்கத்தில் பிரம்பனான் கோயில் இடிபாடுகளைக் கண்டு அவற்றைப் பற்றி எழுதினார். அதே ஆண்டு யோக்யகர்த்தா அரண்மனை ஆங்கிலேயரால் சூறையாடப்பட்டபோது கவரப்பட்ட சுவடிகளில் ஒரு பகுதி அவரிடமும் வந்து சேர்ந்தது. தமிழகத்தில் கேட்டுப் பெற்றவர், சாவகத்தில் கொள்ளைப் பொருளையும் ஏற்றார் என்பது அவர் வாழ்வின் கறையாகும். அங்கேயே, 1812 நவம்பரில், பெட்ரோனெல்லா பார்ட்டெல்ஸ் என்னும் டச்சு மரபினரான நங்கையை மணந்தார்.

ஆற்றில் முடிந்த வாழ்வு

1815-இல் இந்தியா முழுமைக்கும் முதல் சர்வேயர் ஜெனரலாக மெக்கன்சி நியமிக்கப்பட்டார். 1817-இல் கல்கத்தா சென்று அப்பொறுப்பை ஏற்றார். இலட்சுமய்யா முதலியோரும் ஏட்டுப் பெட்டிகளோடு உடன் சென்றனர். தென்னாட்டிலேயே தங்கியிருந்து, திரட்டியவற்றை ஒழுங்குபடுத்தி, ஒரு பெருநூல் எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். பதவி உயர்வே அவ்விருப்பத்திற்குத் தடையாயிற்று. அலுவல் பெருகியது, உடல் நலிந்தது.

கடற்காற்று உடலுக்கு நலம் தரும் எனக் கருதி, ஹூக்ளி ஆற்றின் வழியே முகத்துவாரத்தை நோக்கிப் படகிற் புறப்பட்டார். 1821 மே 8-ஆம் நாள், பயணத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. அலைகடல் சூழ்ந்த தீவில் பிறந்தவரின் வாழ்வு, கடலை நோக்கி ஓடும் ஆற்றில் நிறைவுற்றது. கல்கத்தாவின் தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. எழுத எண்ணிய நூலில் ஓர் ஏடும் எழுதப்படவில்லை.

ஏடுகளின் பயணம்

அவர் விட்டுச் சென்ற தொகுப்பின் அளவு வியப்பூட்டுவது. எச்.எச். வில்சன் 1828-இல் வெளியிட்ட பட்டியலின்படி, இலக்கியச் சுவடிகள் 1,568, ஊர் வரலாறுகள் 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076, மொழிபெயர்ப்புகள் 2,159, ஓவியங்கள் 2,630, நாணயங்கள் 6,218. தம் சொந்தப் பணத்தில் 15,000 பவுனுக்கு மேல் மெக்கன்சி செலவிட்டார் என்பது ஜான்ஸ்டனின் கணக்கு. கும்பினி அரசு அவர் துணைவியாரிடமிருந்து இத்தொகுப்பை 10,000 பவுனுக்கு வாங்கியது.

தொகுப்பை முற்றும் அறிந்தவர் இலட்சுமய்யா ஒருவரே. மெக்கன்சி விட்ட பணியைத் தாம் தொடர்வதாக அவர் விண்ணப்பித்தார். ஆனால் 1830-களில் ஆசியவியல் கழகத்தார் அதனை ஏற்கவில்லை. ஓர் இந்தியர் இத்தகைய ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கத் தகுதியுடையவர் அல்லர் என அவர்கள் கருதினர். நாற்பதாண்டு அனுபவம் பிறப்பின் முன் செல்லாக் காசாயிற்று. இலட்சுமய்யா சென்னையில் இந்து இலக்கியக் கழகம் ஒன்றை நடத்தினார். இராமசுவாமி 1829-இலேயே தக்காணத்துக் கவிஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். கவிஞர் வரலாற்றை எழுதிய முன்னோடி இந்தியருள் ஒருவர், ஓர் அளவைப் பொறியாளரின் கூடாரத்தில் பயின்றவர் என்பது கவிஞர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பின. பாதிரியார் வில்லியம் டெய்லர் அவற்றை ஆராய்ந்தபோது மை மங்கியும் பூச்சி அரித்தும் இருந்த பலவற்றைப் புதிதாகப் படியெடுக்கச் செய்தார். இலண்டனில் முடங்கிக் கிடந்த மற்றொரு பகுதியைச் சி.பி. பிரவுன் கண்டறிந்து, சென்னைக்கு வரச் செய்தார். இவையே சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் அடித்தளச் செல்வங்களுள் முதன்மையானவை. 1970-களில் பேராசிரியர் டி.வி. மகாலிங்கம் இவற்றின் சுருக்கங்களைச் சென்னைப் பல்கலைக்கழக வாயிலாக வெளியிட்டார். அண்மைக் காலத்தில் நிக்கலஸ் டர்க்ஸ், பிலிப் வாகனர், ராமா மந்தேனா முதலிய ஆய்வாளர்கள், இத்தொகுப்பை உருவாக்கிய இந்தியரின் பங்கினை விரிவாக எடுத்துரைத்துள்ளனர். 2017-இல் ஸ்டோர்னவேயில் மெக்கன்சியின் தொகுப்புகளைப் பற்றிய கண்காட்சி ஒன்று நடைபெற்றது. தீவைவிட்டுச் சென்ற மைந்தர் இருநூற்று முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் தம் தொகுப்பின் வடிவில் ஊர் திரும்பினார்.

நிறைவாக

மெக்கன்சியின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது ஒன்று உண்டு. நூல் எழுதுவோர்க்கு மட்டுமன்றி, நூலுக்குரியதைச் சிதையாமல் காப்போர்க்கும் இலக்கிய வரலாற்றில் இடம் உண்டு. அவர் ஒரு நூலும் எழுதி முடிக்கவில்லை. ஆனால் அவர் சேர்த்து வைத்தவற்றிலிருந்து நூறு நூல்கள் பிறந்தன. அவ்வாறு சேர்ப்பதற்கு அந்நியரின் ஆணையும் கும்பினியின் சம்பளமும் அன்று வேண்டியிருந்தன. இன்று வேண்டுவது மனம் ஒன்றே.

ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் தறிக்குழியில் அமர்ந்த முதியோர் தம் பாட்டன் பூட்டன் பெயர்களையும், எவ்வூரிலிருந்து குடிபெயர்ந்து வந்தோம் என்பதையும், எந்தப் பஞ்சத்தில் எதை இழந்தோம் என்பதையும் நினைவிலிருந்து கூறுவர். அப்பேச்சு அவர்களுடனே மறையுமாயின், நம் குடிகளின் வரலாறு மெக்கன்சியின் பெட்டியில் எஞ்சிய அளவே எஞ்சும். நம்மூர்க் கவிஞர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரிடம் அமர்ந்து, கேட்டு, எழுதி வைப்பாராயின், போரய்யாவும் அப்பாவும் நடந்த வழியில் மேலும் சில அடிகள் நடந்தவராவர். அதுவே கடல் கடந்து வந்த அப்பொறியாளர்க்கும், அவருக்கு நாவாகவும் கண்ணாகவும் விளங்கிய நம்மவர்க்கும் நாம் செலுத்தும் தக்க நன்றியாகும்.